குளம் இருக்கிறது, பிறகென்ன பயம்?

கேள்வி கேட்ட தம்பி கனடாவில் இருக்கிறார். இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் அப்பாவின் பெயரில் நாலு ஏக்கர் வயல் இருக்கிறதாம், சித்தப்பா பார்த்துக்கொள்கிறாராம், அதில் கொஞ்சம் காசு போடலாமா என்று யோசிக்கிறார். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: "காலநிலை மாற்றத்தால் உலகம் முழுக்க விவசாயம் அடிபடும் என்கிறார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி அடியா? வன்னியில் பெரிய பெரிய குளங்கள் இருக்கிறபடியால் நாங்கள் கொஞ்சம் பாதுகாப்புத்தானே?"

தம்பி, அடி ஒரே மாதிரி விழாது. குளம் பாதுகாப்புத்தான், ஆனால் ஒரு வகை ஆபத்துக்கு மட்டும். மழை இல்லாமல் போனால் குளம் காப்பாற்றும். மழை பிழையான நாளில் வந்தால் குளம் என்ன செய்யும்? எங்கள் பக்கம் இப்போது வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை ஆபத்து. நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன், இப்போது ஓய்வு, வட்டக்கச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் செய்கிறேன். ஆகவே கொஞ்சம் படித்ததும் கொஞ்சம் பட்டதும் கலந்துதான் வரும், நீளமாகவும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நீங்கள் இருக்கிற டொரண்டோவில் ஒரு வருடத்தில் பெய்வது ஏறத்தாழ 800 மி.மீ. கிளிநொச்சியில் 1,200, 1,300 மி.மீ. வரை பெய்யும். அதாவது உங்களைவிட எங்களுக்குத்தான் மழை கூட! ஆனால் உங்களுக்கு அது பன்னிரண்டு மாதத்திலும் பரவி விழுகிறது. எங்களுக்கு அதன் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்தில் வந்து கொட்டிவிட்டுப் போகிறது. (நாங்கள் ஒக்டோபரை ஐப்பசி, டிசம்பரை மார்கழி என்றுதான் சொல்வோம், உங்களுக்கு நினைவிருக்கும்.) மிச்ச மாதங்களில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றும் புழுதியும்தான். இந்த மூன்று மாதத் தண்ணீரைப் பன்னிரண்டு மாதத்துக்கு இழுப்பதற்காகத்தான் எங்கள் முன்னோர் குளம் கட்டினார்கள். குளம் மட்டுமா, விதைப்பு, வெட்டு, தைப்பொங்கல், தைப்பூசத்துக்குப் புதிர் (முதல் நெல்) எடுப்பது எல்லாமே இந்த மூன்று மாதத்தைச் சுற்றிப் பின்னிய ஒரு நாள்காட்டி.

இப்போது அடி விழுவது அந்த நாள்காட்டியில். மொத்த மழை குறைந்ததா கூடியதா என்று கேட்பவர்கள் எல்லோரும் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மழை வழமை போலத்தான் பெய்திருக்கும், ஆனால் கமக்காரன் கடனாளியாக நிற்பான்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் அது பிடித்துவைக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதனால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது: மழை இல்லாத நாளில் மண்ணிலும் குளத்திலும் பயிரிலும் இருந்து தண்ணீரை உறிஞ்சுகிற வேகம் கூடுகிறது, மழை வருகிற நாளில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. இடைவெளியும் நீளும், பெய்தால் பெருமழையும் வரும். இரண்டும் ஒரே போகத்துக்குள்ளேயே வரலாம், வந்தும் இருக்கிறது.

சரி, வயலுக்கு வருவோம்.

காலபோகத்தில், அதாவது மாரி மழையை நம்பிச் செய்கிற பெரிய போகத்தில், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் செய்வது புழுதி விதைப்பு. புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது, மழைக்கு முன்பே நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதல் மழைக்கு முளைக்கும், அடுத்த அடுத்த மழைக்கு எழும்பும், குளத்துத் தண்ணீரைத் தொடாமலே பயிர் பாதி வளர்ந்துவிடும். குளத்தில் சேர்வதைச் சிறுபோகத்துக்கு (வெயில் காலத்தில் குளத்துத் தண்ணீரில் செய்வது) மிச்சம் பிடிக்கலாம். அருமையான முறை, ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: முதல் மழை வந்தால் இரண்டாவது மழை பிந்தக் கூடாது. இப்போது என்ன நடக்கிறது என்றால், ஒரு நல்ல மழை பெய்து நெல் முளைத்துவிடும், பிறகு இரண்டு மூன்று கிழமை வெயில். முளை எல்லாம் ஊசி போலச் சுருண்டு செத்துவிடும். பெய்யாமலே விட்டிருந்தால்கூட நெல் மண்ணுக்குள் உறங்கியிருக்கும், இந்த அரைகுறை மழைதான் அதை எழுப்பிவிட்டுக் கொல்கிறது.

2016 ஒக்டோபரில் எனக்கு அதுதான் நடந்தது. அப்போது இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம் சூடாகி மேற்குப் பக்கம் குளிர்ந்து கிடந்தது, அந்த நிலையில் எங்கள் வடகீழ்ப் பருவமழை பலவீனமாகும். விதைத்தேன், முளைத்தது, செத்தது. மறுபடி விதைநெல் வாங்கி, மறுபடி உழவுகூலி கொடுத்து விதைத்தேன். அந்த இரண்டாவது பயிரும் கதிர் தள்ளும் நேரம் தண்ணீர் இல்லாமல் நின்றது. இழப்பீட்டுக்குப் படிவம் கொண்டுபோய்க் கொடுத்தால், முதல் விதைப்பு அழிந்ததற்குப் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். செத்த முளையை யார் படம் எடுத்துவைப்பது? அந்தக் காலபோகத்தையும் அடுத்து வந்த சிறுபோகத்தையும் சேர்த்து நாடு முழுக்க நெல் உற்பத்தி முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று 2017இல் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. நாற்பது வருடத்தில் காணாத வரட்சி என்று அதைச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. இந்தியத் தொலைக்காட்சி பார்க்கிற எங்கள் ஆட்கள் "இந்த முறை எல்நினோவாம், வரட்சி வரப்போகுது" என்று வந்து சொல்வார்கள். எல்நினோ என்பது பசிபிக் சமுத்திரம் வழமையைவிடச் சூடாகிற நிலை. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழைக்கு அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. எங்கள் ஒக்டோபர் – டிசம்பர் மழைக்கு எல்நினோ வழமையாக அதிக மழையைக் கொண்டுவரும், அதோடு சமுத்திரத்தின் மேற்குப் பக்கமும் சூடாகிவிட்டால் இன்னும் கூடும். 2023 கடைசியில் வடக்கில் வெள்ளம் வந்தது அப்படியான ஒரு வருடத்தில்தான். அதே எல்நினோ பிறகு சிறுபோகக் காலத்தில் வெக்கையைக் கூட்டும். பக்கத்து நாட்டுச் செய்தியை வைத்து எங்கள் விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த அடி வெட்டும் காலத்தில். காலபோக நெல் தை, மாசியில் விளையும். அப்போது வானம் தெளிந்து வாடை மட்டும் அடிக்க வேண்டும், அதுதான் பழைய ஒப்பந்தம். "தை மழை நெய் மழை" என்று தமிழ்நாட்டில் ஒரு பேச்சு உண்டு, விளைந்த கதிர் தலை சாய்ந்து நிற்கிற எங்கள் வயலில் அந்த நெய் விழுந்தால் முடிந்தது கதை. பயிர் படுத்துவிடும். படுத்த பயிரை வெட்டு மெசின் எடுக்காது, எடுத்தாலும் பாதி மண்ணோடு போகும். சேறு காயும்வரை மெசின் வயலுக்குள் இறங்காது, இறங்கலாம் என்று ஆகும்போது ஊர் முழுக்க ஒரே நாளில் மெசின் தேடும், கூலி ஏறும்.

ஒரு தை மாதக் கடைசியில் எங்கள் ஒழுங்கை முழுக்கப் படங்கு (தார்ப்பாய்) விரித்து நெல் காயப்போட்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் கறுத்தது. பெண்கள், பிள்ளைகள், கடைக்கு வந்த ஆட்கள் வரை எல்லோரும் ஓடிவந்து படங்கை மடித்தோம். மூடின நெல் இரண்டு நாள் மூடியபடியே கிடந்தது. மூன்றாம் நாள் படங்கைத் திறந்தால் முகத்தில் ஒரு சூடு அடித்தது, புளித்த கள்ளு மாதிரி ஒரு வாசம். கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. முளைத்துவிட்டது. களஞ்சியத்தில் வைக்க நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். வியாபாரி பச்சை நெல்லை என்ன விலைக்குக் கேட்பான் என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் சொல்லும் விதத்திலேயே விளங்கும். அந்த வருடம் எங்கள் குளம் நிரம்பி வான் பாய்ந்தது, தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நட்டம்.

குளத்தையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் அதைத்தானே நம்பிக் கேட்டீர்கள். கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவை 1902இல் கட்டத் தொடங்கினார்கள், 1920 வாக்கில் முடித்தார்கள். கனகராயன் ஆற்றை மறித்த குளம், இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் அதன் கீழே. பிறகு பல தரம் உயர்த்தி, கடைசியாக 34 அடியை 36 அடியாக்கி, 2018 டிசம்பர் தொடக்கத்தில் திறந்துவைத்தார்கள். திறந்த கையோடு, அதே மாதம் 21ஆம் திகதி இரவு பிடித்த மழையில் ஏற்கெனவே நிரம்பியிருந்த குளத்துக்குத் தண்ணீர் வந்த வேகம் தாங்காமல் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. விடிய எழும்பினால் வீட்டுக்குள் தண்ணீர் என்று சொன்ன சனம் ஆயிரக்கணக்கு. ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் தேநீர்க் கடைகளில் ஓய்ந்தபாடில்லை.

ஆனால் அந்த வாக்குவாதத்துக்குள் இருக்கிற சிக்கலை யோசியுங்கள். மார்கழியில் குளத்தைப் பாதியாக வைத்திருந்தால் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்குப் பிறகு மழையே பெய்யாவிட்டால்? சிறுபோகம் போச்சு, திறந்துவிட்டவரைக் கமக்காரர்கள் சும்மா விடுவார்களா? நிரப்பி வைத்தால் வரட்சிக்குப் பாதுகாப்பு, காலியாக வைத்தால் வெள்ளத்துக்குப் பாதுகாப்பு. முந்தி இது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் எந்தக் கிழமையில் எவ்வளவு வரும் என்று ஒரு அனுமானம் இருந்தது. மூத்த ஆட்கள் குளக்கட்டில் நின்று அளவுகோலைப் பார்த்தே சொல்வார்கள், "இனி மூன்று அடி வரும், காணும்" என்று. இப்போது அவர்களும் வாயைத் திறப்பதில்லை.

சிறுபோகத்தில் கதை வேறு. சித்திரையில் கூட்டம் வைப்பார்கள், கமக்கார அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானிப்பார்கள், அதை எல்லோருக்கும் பங்கு பிரிப்பார்கள். பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் அந்த முறை இரண்டு மூன்று ஏக்கர்தான் செய்வார். வன்னியின் பழைய அறிவில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், தண்ணீர் குறையும்போது கடைசி வாய்க்கால்காரன் மட்டும் சாகாமல் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வது. ஆனால் கூட்டத்தில் போடும் கணக்கில் ஒரு எண் ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. சோளகம் அடிக்கிற காலத்தில் குளத்து மேற்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 5, 6 மி.மீ. ஆவியாகும். நாலு மாதத்தில் அது இரண்டு அடிக்கு மேல். இரணைமடுவுக்கு அது தாங்கும். எட்டு, பத்து அடி ஆழமுள்ள சின்னக் குளத்துக்கு அது அஞ்சில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு. வெப்பம் ஏற ஏற அந்தப் பங்கும் ஏறும்.

அதற்கு மேல் பூக்கும் நேரம். நெல்லுப் பூவை நீங்கள் கிட்ட நின்று பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கதிரில் உமி இரண்டாகப் பிளந்து வெள்ளை நூல் மாதிரி மகரந்தம் வெளியே தொங்கும், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், பிறகு மூடிவிடும். அந்த நெல்லுக்கு அவ்வளவுதான் வாழ்க்கை. அந்த ஒரு மணித்தியாலத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, நெல் சப்பியாகிவிடும். பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், தூரத்திலிருந்து பார்க்க நல்ல விளைச்சல். பத்து நாள் கழித்து ஒரு நெல்லைப் பிடித்து நகத்தால் அமுக்கினால் பால் வராது, வெறும் கோது. காலபோகப் பயிர் மார்கழிக் குளிரில் பூக்கிறபடியால் தப்பிவிடும். சிறுபோகப் பயிர் ஆனி, ஆடியில் பூக்கும். சிறுபோகத்தைப் பிந்தித் தொடங்கியவன் அதிகம் படுவது இதனால்தான்.

இரவு வெப்பமும் சும்மா இல்லை. பிலிப்பீன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் சொந்த வயலில் 1979 முதல் 2003 வரை எடுத்த காலநிலைப் பதிவுகளையும் 1992இலிருந்து எடுத்த விளைச்சல் பதிவுகளையும் பார்த்தபோது, வரட்சிப் போகத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 பாகை கூடியபோது விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது. பகலில் சமைத்ததை இரவில் பயிர் மூச்சுவிட்டே தின்றுவிடுகிறது என்று நான் வகுப்பில் சொல்வேன். முழுக்கச் சரியான விளக்கம் இல்லைதான், ஆனால் பிள்ளைகளுக்கு மறக்காது.

பூச்சி, நோய் பற்றி ஒரு வரி: மழை விட்டு வெக்கையும் ஈரமும் சேர்ந்து நின்றால் அறக்கொட்டியான் (சாறு உறிஞ்சும் தத்திப்பூச்சி), மேகம் மூடிய குளிர் நாட்கள் தொடர்ந்தால் எரிபந்தம் (பூஞ்சை நோய்). காலநிலை தடுமாறினால் மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் நல்ல போகம்.

வன்னி என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், ஆனால் வன்னிக்குள்ளேயே அடி வேறு வேறு. மன்னாரில் கட்டுக்கரைக்குளம் இருக்கிறதே, அது தன் பக்கத்து மழையை மட்டும் நம்பி இல்லை, அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துத்தான் அதற்குத் தண்ணீர். அந்த ஆறு அநுராதபுரத்துப் பக்கமிருந்து வருகிறது. ஆகவே அங்கே கொட்டினால் இங்கே வெள்ளம், அங்கே காய்ந்தால் இங்கே காய்ச்சல். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மன்னார் ஆட்கள் அதை நல்லாக அனுபவித்தார்கள். வவுனியாவில் மேட்டுநிலத்து உழுந்து. அது குளத்தையே பார்க்காத பயிர், காய் கறுத்து முற்றுகிற நேரம் ஒரு கிழமை மழை பிடித்தால் காய்க்குள்ளேயே முளைத்துவிடும். முல்லைத்தீவுக் கரையோரக் கச்சானுக்கும் (நிலக்கடலை) கிட்டத்தட்ட அதே விதி. பூநகரியில் மானாவாரி, மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல்லை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே கடல்நீரேரி வயலோடு ஒட்டிக் கிடக்கிறது, மழை பிந்தினால் உவர் மேலே ஏறும், கடல் மட்டம் உயர்ந்தால் அது இறங்கவே இறங்காது. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி மன்னார்ப் பக்கமாக வெளியேறியது. வன்னிக்குக் குறுக்காக ஒரு கோடு போட்ட மாதிரி. வாழையும் பப்பாசியும் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு இரவு போதும்.

இனி மற்ற இடங்கள். ஒவ்வொரு ஊரும் எதை நம்பி விவசாயத்தை அமைத்ததோ அந்த நம்பிக்கையில்தான் அடி விழுகிறது, இந்த ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் எல்லாம் விளங்கும்.

யாழ்ப்பாணம் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் கிணற்றுத் தண்ணீரை. ஆறும் இல்லை, பெரிய குளமும் இல்லை. மாரி மழை மெல்ல மெல்ல ஊறினால்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர். இரண்டு நாளில் கொட்டினால் ஊற நேரமில்லாமல் கடலுக்கு ஓடிவிடும், மேலே இறைக்க இறைக்கக் கீழே உப்பு ஏறும். இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகிற திட்டம் வந்தபோது எங்கள் கமக்காரர் எதிர்த்ததும், கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் தமிழன், இரண்டு பக்கமும் தாகம். அந்தச் சண்டையில் யார் சரி என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் இரணைமடுத் தண்ணீர் குடிக்கிறவன்.

மலையகம் நம்பியிருப்பது குளிரையும் சரிவையும். தேயிலைக்கு நிதானமான மழையும் 20 பாகையை ஒட்டிய வெப்பமும் வேண்டும். பெருமழை வந்தால் சரிவு பிடிமானத்தை இழக்கிறது, டிட்வாவில் மண்சரிவுக்குள் போன உயிர்களுக்கு முன்னால் கொழுந்தின் கணக்கைப் பேசுவதற்கு மனம் வரவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் காவிரி. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள் என்பது அவர்களின் நாள்காட்டி. ஆனால் அந்தத் தண்ணீர் கர்நாடக மலையில் பெய்ய வேண்டும், பிறகு கர்நாடகா விட வேண்டும். அறுவடையில் அவர்களுக்கும் எங்கள் கதைதான்: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, தை மழையில் நனைந்த நெல்லோடு நின்று 22 ஆக்குங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வியட்நாமில் மீகொங் ஆற்றின் கழிமுகம் உலகத்துக்கே அரிசி அனுப்புகிற நிலம். அது கடல் மட்டத்திலிருந்து ஆள் உயரம்கூட இல்லை. 2016இலும் 2020இலும் கோடையில் ஆறு மெலிந்தபோது கடல் உப்பு வாய்க்கால் வழியே பல பத்துக் கிலோமீற்றர் உள்ளே வந்துவிட்டது. இப்போது அங்கே சிலர் நெல்லை விட்டு இறாலுக்கு மாறிவிட்டார்கள். பூநகரியின் எதிர்காலத்தைப் பார்க்க விரும்பினால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

பஞ்சாப் கோதுமை நம்பியிருப்பது மார்ச் மாதத்துக் குளிரை. 2022இல் இந்தியாவில் 1901இலிருந்து பதிந்ததிலேயே வெப்பமான மார்ச் வந்தது, மணி பால் பிடிக்கிற நேரம் சுருங்கிவிட்டது. மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. உக்ரைன் போரும் அதே நேரம். அந்த வருடம் எங்கள் ஊர் வெதுப்பகத்தில் ஒரு றாத்தல் பாண் என்ன விலை போனது என்று இங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். டொலர் இல்லாத நாடு, அதற்கு முந்தைய வருடம் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்திய கூத்து, எல்லாம் சேர்ந்துதான், எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் போட்டால் சிலருக்கு மிக வசதியாகிவிடும்.

உங்கள் கனடாவுக்கும் சொல்கிறேன். குளிர் நாடுகளுக்கு இது லாபம், பயிர்க்காலம் நீளும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் 2021 ஜூனில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிட்டன் என்ற இடத்தில் 49.6 பாகை பதிவானது, அந்தக் கோடையில் மேற்குக் கனடாவின் புல்வெளிப் பிரதேசம் காய்ந்து நாட்டின் கோதுமை விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, பருப்பும் விழுந்தது. நாங்கள் இங்கே சோற்றுக்கு விட்டுச் சாப்பிடுகிற மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது என்பது பல பேருக்குத் தெரியாது. வன்னியில் நெல் நல்லாய் விளைந்த வருடத்தில்கூடப் பருப்பு விலை ஏறும், அதற்குக் காரணம் சஸ்கச்சுவானில் பெய்யாத மழையாக இருக்கலாம்.

உலக அளவில் ஒரு எண் வேண்டும் என்றால்: 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, வேறு ஒன்றையும் மாற்றாமல் விட்டால், உலக சராசரி வெப்பம் 1 பாகை ஏற ஏற மக்காச்சோளம் 7.4 சதவீதம், கோதுமை 6, நெல் 3.2, சோயா 3.1 சதவீதம் குறையும். நெல்லுக்குக் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதிப்பட வேண்டாம். அது வெப்பத்தின் கணக்கு மட்டும். படுத்த பயிரும் முளைத்த நெல்லும் அதில் இல்லை.

அப்புறம் நீங்கள் உண்மையில் கேட்டது, காசு போடலாமா என்பது. போடலாம், ஆனால் நாலு ஏக்கரையும் ஒரே நெல், ஒரே திகதி என்று செய்யக் கேட்காதீர்கள். பாதியில் மூன்றரை மாத நெல், பாதியில் மூன்று மாத நெல், விதைப்பில் பத்து நாள் இடைவெளி. வேலை இரட்டிப்பாகும், சித்தப்பா முணுமுணுப்பார். ஆனால் ஒரு மழை இரண்டையும் ஒரே நிலையில் பிடிக்காது. முதல் காசை உழவு இயந்திரத்துக்குப் போடாதீர்கள், கல்லும் சீமெந்தும் போட்டு நெல் காயவைக்க ஒரு தளமும், மேலே ஒரு கூரையும் போடுங்கள். அயலில் நாலு பேர் சேர்ந்து செய்தால் செலவு பிரியும். இதை நான் பதினைந்து வருடமாகக் கூட்டங்களில் சொல்லிவந்தேன், எல்லோரும் தலையாட்டுவார்கள், உழவு இயந்திரம்தான் வாங்குவார்கள். படம் போட்டுக் காட்ட அதுதானே நல்லது.

காலபோகம் முடிந்த கையோடு மண்ணில் இருக்கிற ஈரத்தில் இடைப்போகமாகப் பயறு போடலாம், இரண்டு மாதத்தில் கைக்கு வரும், தண்ணீரும் சொற்பம். குழாய்க்கிணறு அடிக்கலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். வன்னியில் பெரும்பகுதி கருங்கல் மேல் இருக்கிற நிலம், யாழ்ப்பாணம் மாதிரிக் கீழே தேங்கிய தண்ணீர் கிடையாது, பாறை வெடிப்பில் அகப்பட்டதுதான். சூரியக் கலத்தில் ஓடும் பம்பி வந்த பிறகு இறைப்பதற்குச் செலவில்லை என்று இரவு தவிர மிச்ச நேரமெல்லாம் இறைத்துப் பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணற்றை வற்றவைத்த கதை எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது.

இன்னொன்று உங்கள் கையில் மட்டும் இல்லாதது. வயலுக்கு மேலே காட்டுக்குள் தூர்ந்துபோன சின்னக் குளங்கள் இருக்கும். மேலே ஒன்று, அதன் மிச்சம் வழிந்து கீழே ஒன்று, அதன் கீழே இன்னொன்று என்று சங்கிலியாகக் கட்டியவை. இலங்கையின் வரண்ட பிரதேசத்துத் தொடர்குள முறையை 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபு என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் அங்கீகரித்தது. பட்டம் கிடைத்தது, எங்கள் பக்கத்தில் தூர் இன்னும் கிடக்கிறது. இந்தச் சின்னக் குளங்கள் இருந்தால் ஒரே இரவில் கொட்டுகிற மழையைப் பத்து இடத்தில் மறித்துப் பத்து நாளில் கீழே விடும், பெரிய குளத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், மண் வந்து அடைவதும் குறையும். உங்கள் ஊர்ச் சங்கம் கனடாவில் காசு சேர்த்து ஊரில் வளைவு கட்டுகிறது, கோயிலுக்கு இன்னொரு கோபுரம் கட்டுகிறது. ஒரு தடவை ஒரு குளத்துக்குக் கேட்டுப் பாருங்களேன்.

கடைசியாக, காசு அனுப்ப முன்பு சித்தப்பாவிடம் இரண்டு விடயம் கேளுங்கள். வயல் துருசிலிருந்து (குளத்து மதகிலிருந்து) எத்தனையாவது வாய்க்காலில் இருக்கிறது, தலைப்பக்கமா கடைசியா. மற்றது, கடந்த பத்து வருடத்தில் எந்தெந்தத் திகதியில் விதைத்தார், எத்தனை தரம் மீள விதைத்தார், எந்தத் திகதியில் வெட்டினார், ஏக்கருக்கு எத்தனை மூடை. என் வீட்டில் அதற்கென்று ஒரு கொப்பி இருக்கிறது. அவரும் எங்கேயாவது எழுதிவைத்திருப்பார், கலண்டரின் பின்பக்கத்திலாவது. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு உங்கள் வயலுக்கு எந்தத் திகதி தோது என்று சொல்கிறேன்.